ஒட்டு பேராண்டி, ஒட்டு!

வால பேராண்டி, கைநெறைய ஸ்டிக்கரோட வாரியே, எலெக்சனா? ஓ, ஆர்எஃப்ஐடி டேக்காக்கும்! பேட்டரி கெடையாது, வயர் கெடையாது. எந்தச் சாமான் எது, நவுருதா, நடுங்குதான்னு தூரத்துல இருந்தே தெரிஞ்சிருமோ? ஒங்க ஆச்சி சம்பளம் வாங்காம அந்த வேலையைத்தான பாத்துக்கிட்டிருக்கா.

எனக்கும் கொஞ்சம் தெரியும்ல. கார்க் கண்ணாடியில ஒட்டியிருக்க ஃபாஸ்டேக்கும் இந்தச் சாதிதான். 2021 பிப்ரவரியில கட்டாயமாக்கி, டேக் இல்லாதவன்கிட்ட ரெட்டைக் காசு புடுங்குனானே, அதேதான். டோல்கேட்ல மேல இருக்க ரீடர் ரேடியோ அலையை அனுப்பும். டேக்கு அதுலயே தெம்பை எடுத்துக்கிட்டு, அந்த அலையையே மாத்தித் திருப்பிவிட்டுத் தன் நம்பரைச் சொல்லும். அடுத்தவன் காசுல டீ குடிச்சிட்டு அவன்கிட்டயே கதை அளக்க ஒங்க சின்னத்தாத்தா மாதிரி.

நடுக்கத்தையும் அந்தத் திரும்புத அலையில இருந்துதான் பிடிக்கணும். அலையோட நீளம் சுமார் 35 சென்டிமீட்டர். டேக்கு ஒரு மில்லிமீட்டர் தள்ளினாப் போதும், போக வர ரெண்டு மில்லிமீட்டர் வித்தியாசம். அலை ரெண்டு டிகிரி பிசகி வரும்.

நம்ம கிணத்து மோட்டார்ல ஒட்டப்போறியோ? பேஷ்! சாதா டேக்கை இரும்புல அப்படியே ஒட்டுனா ஊமையாயிரும். தண்ணி அலையைக் குடிச்சிரும். ரெண்டும் சேந்த எடமாப் பாத்துப் பிடிச்சிருக்கியே, படிச்ச புள்ளைன்னா சும்மாவா! இரும்புக்குன்னே தனி டேக் விக்கான், அதை வாங்கு. இன்னொண்ணு: மோட்டார் நிமிசத்துக்கு 2,880 சுத்துன்னா செகண்டுக்கு 48. அந்த அதிர்வைப் பிடிக்க, ரீடர் செகண்டுக்கு நூறு தடவையாவது அந்த ஒரு டேக்கைக் கேக்கணும். நீ மம்பட்டி, வாளி, கோழிக்கூடுன்னு கண்டதுலயும் ஒட்டி வச்சா, ரீடர் எல்லாத்தையும் நலம் விசாரிச்சிட்டு மோட்டார்கிட்ட வாரதுக்குள்ள பேரிங் போயிரும்.

மாஸ்கோ கதை தெரியுமால? 1945-ல சோவியத் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக, அமெரிக்கத் தூதர் ஹாரிமனுக்கு மரத்துல செதுக்குன அமெரிக்க முத்திரையைப் பரிசாக் குடுத்துச்சு. மனுசன் பூரிச்சுப்போயி வீட்டுல மாட்டிக்கிட்டாரு. உள்ள இருந்தது தெர்மின்னு ஒரு சோவியத் விஞ்ஞானி செஞ்ச ஒட்டுக்கேக்குத கருவி. அதுலயும் பேட்டரி கெடையாது; ஒரு மெல்லிசுத் தகடு, ஒரு ஆண்டெனா. வெளிய இருந்து ரேடியோ அலையை அடிச்சா, உள்ள பேசுத பேச்சுக்குத் தகடு அதிரும், அலையும் அதுக்குத் தக்கன மாறித் திரும்பும். 1952-லதான் கண்டுபிடிச்சான். அதுக்குள்ள ஹாரிமனுக்கு அப்புறம் மூணு தூதர் வந்தாச்சு!

ஒன் டேக்கும் அந்த வம்சம்தாம்ல. சாதா டேக்கு கேக்கது யாருன்னு பாக்காது; பொருத்தமான ரீடர் எவன் கையில இருந்தாலும் நம்பரை ஒப்பிச்சிரும்.

அதனால மோட்டார்ல ஒட்டு, மம்பட்டியிலயும் ஒட்டிக்கோ. ஆட்டுக் காதுல மட்டும் வேண்டாம். நம்ம ஆடு ராத்திரி எவன் கடலைக்காட்டுல மேயுதுன்னு எனக்குத் தெரியும், ஆட்டுக்கும் தெரியும். நாளைக்கு அந்தக் காட்டுக்காரனும் ஒரு ரீடர் வாங்கிட்டான்னு வையி, பஞ்சாயத்துல நீ போயி நிப்பியா?