சித்தப்பாவின் மீசைக்கு அவசரத் தேவை

சேப்பல் ஹில், வட கரோலினா
20.11.2023

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நேற்று இங்கே கல்லூரிப் பெண்கள் ஹாக்கியின் தேசிய இறுதிப்போட்டி. வட கரோலினாவுக்கும் நார்த்வெஸ்டர்னுக்கும். கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டதால் போனுக்குப் பதில் கடிதம்.

பந்து வழுக்கி ஓட, ஆட்டத்துக்கு முன் தரை முழுக்கத் தண்ணீர் பீய்ச்சுகிறார்கள். சித்தி பார்த்திருந்தால் குடத்தோடு இறங்கியிருப்பார். பெனால்டி கார்னர் வந்தால், தடுக்கிற பெண்கள் முகக்கவசத்தை அள்ளி மாட்டுகிறார்கள். பார்க்க நம் பஸ் ஸ்டாண்டு வெல்டிங் பட்டறை மாதிரி. ஆபத்து நீங்கியதும் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டம். கோவில்பட்டிக் கரிசலில் தாடையில் பந்து வாங்கிய உங்களுக்குச் சிரிப்பு வரும்.

நேரம் முடிந்தபோது 1–1. கூடுதல் நேரத்தில் பக்கத்துக்கு ஏழு பேர்தான். ஒரு கோல் விழுந்தால் கதை முடிந்தது. பத்துப் பத்து நிமிஷம் இரண்டு தடவை ஓடியும் விழவில்லை. பிறகு ஷூட்-அவுட். எட்டு விநாடிக்குள் கோல்கீப்பரை ஏமாற்ற வேண்டும். கடைசியில் நம்ம பிள்ளைகள்தான் ஜெயித்தார்கள். (வாடகை இங்கேதானே கொடுக்கிறேன், ‘நம்ம’ என்று சொல்ல உரிமை உண்டு.)

கோச் எரின் மாட்சனுக்கு வயது 23. போன வருடம் இதே அணியில் ஆடிக் கோப்பை வாங்கிய பெண்! 42 சீசன் கோச்சாக இருந்த கேரன் ஷெல்டன் ஓய்வுபெற்றதும், ஜனவரியில் 22 வயதில் பொறுப்பேற்றார். நம் பக்கம் அந்த வயதில் கோச் வேலை கேட்டுப் போனால் முதலில் டீ வாங்கிவரச் சொல்லுவார்கள். மைதானத்துக்கே ஷெல்டன் பெயர்தான். தோற்றிருந்தால் அந்தப் பெயர்ப்பலகையைத் தாண்டி எப்படி வீட்டுக்குப் போவது?

அமெரிக்கக் கல்லூரிப் போட்டிகளில் இது பெண்கள் ஆட்டம் மட்டுமே. 1901-இல் கான்ஸ்டன்ஸ் ஆப்பிள்பீ என்ற ஆங்கிலேய ஆசிரியை கொண்டுவந்து, பெண்கள் கல்லூரிகளில் பரப்பிவிட்டார்; அப்படியே நின்றுவிட்டது. அலுவலக நண்பரிடம், “எங்க சித்தப்பா ஹாக்கி வீரர்” என்றேன்.

“பனியிலா?”

“கரிசல் மண்ணில்.”

“அது பெண்கள் ஆட்டமாயிற்றே!”

இந்தியா எட்டு ஒலிம்பிக் தங்கம் வாங்கியதையும், வாங்கியவர்கள் எல்லாரும் ஆண்கள் என்பதையும் சொன்னேன். ஆதாரம் கேட்கிறார்.

உங்கள் பழைய அணிப் புகைப்படம் பீரோவில் இருக்குமே, அதை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். மீசை தெளிவாகத் தெரியட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகன்