மருதமலைப் படியும் பேக்கரிக் கணக்கும்

ஏஞ்சாமி, விடிஞ்சதுலருந்து அந்தத் தாளையே வெச்சு மொனகிட்டிருக்கறயே, பரிச்சைக்கா, பேய் ஓட்டறதுக்கா? இங்க குடு பாக்கலாம். 'புட் ஆன், புட் ஆஃப், புட் அவுட், புட் அப், புட் அப் வித்...' அட, காந்திபுரத்துக்குப் பஸ் ஏறிப் போயி, காசு கட்டிப் படிக்கறது இதைத்தானா! ஒண்ணொண்ணுக்கும் நேரா ஒரு தமிழ் அர்த்தம். மனப்பாடம் பண்ணிப்போட்டா இண்டர்வியூல கொட்டிரலாம்னு நெனப்பாக்கும்.

உன்ற மேல தப்பில்லை. 1755ல சாமுவேல் ஜான்சன்னு ஒருத்தரு லண்டன்ல பெரிய அகராதி போட்டாரு. வினைச்சொல்லுக்குப் பின்னால ஒரு சின்னச் சொல்லை ஒட்டி அர்த்தத்தையே திருப்பிப்போடற பழக்கம் எங்க பாஷையில நெம்ப இருக்குது, வெளிநாட்டுக்காரங்க இதுலதான் தடுமாறுவாங்கன்னு முன்னுரையிலயே ஒத்துக்கிட்டாரு. அதுக்கு 'ஃப்ரேசல் வெர்ப்'னு பேரு பரவுனது 1920கள்லதான். அதுவரைக்கும் பேரில்லாமயே பேசிட்டுத்தான இருந்தாங்க? நீ என்னடான்னா பேரை மொதல்ல படிச்சுப்போட்டுப் பேச்சைத் தேடறே.

நான் எங்க கத்துக்கிட்டேன்னு கேளு. காங்கேயம்பாளையத்து ஏர்ஃபோர்ஸ் டிப்போவுல ஃபிட்டராச் சேர்ந்தப்ப எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசு 'தி பென் ஈஸ் ஆன் தி டேபிள்' மட்டுந்தான். 1959ல மெட்ராஸ் ராஜ்ஜியத்துல பள்ளிக்கூட வாத்தியாருங்களுக்கு இங்கிலீசு சொல்லிக் குடுக்கறதுக்குப் பயிற்சி ஒண்ணு ஆரம்பிச்சாங்க. கொஞ்சம் பேரு கத்துக்கிட்டு மத்தவங்களுக்குச் சொல்லோணும், அவங்க இன்னும் பல பேருக்குச் சொல்லோணும். அதுக்கு 'மெட்ராஸ் ஸ்னோபால்'னு பேரு. உருள உருளப் பெருத்துட்டே போற பனிக்கட்டி உருண்டையாம். நம்ம சூலூர்ல பனின்னா மார்கழியில மொளகாச் செடி மேல உழுகறதுதான். அந்த உருண்டை எங்க வாத்தியாருகிட்ட வந்து சேர்ந்தப்ப பென்னும் டேபிளுந்தான் மிச்சம்.

மிச்சத்தை டிப்போவுலதான் காதால கேட்டுக் கத்துக்கிட்டேன். எனக்கு ஒரு பக்கம் பஞ்சாபி, இன்னொரு பக்கம் மலையாளி. மேனுவல்ல 'ரிமூவ்'னு அச்சடிச்சிருக்கும், சார்ஜண்ட் வாயில வர்றது 'டேக் இட் ஆஃப்'. கழட்டறதுக்கு அது, திருப்பி மாட்டறதுக்கு 'புட் இட் பேக்', தொடைக்கறதுக்கு 'வைப் இட் டவுன்'. அந்த 'இட்' எங்க உக்காருதுன்னு கவனிச்சயா? நட்டுன்னு பேரு சொன்னா 'டேக் ஆஃப் தி நட்'டும் சரி, 'டேக் தி நட் ஆஃப்'பும் சரி. பேரில்லாத 'இட்', 'ஹிம்', 'தெம்' வந்தா மட்டும் நடுவுல நெருக்கிட்டுத்தான் உக்காரோணும், டவுன் பஸ்ஸுல மூணாவது ஆளா ஒட்டிக்கற பொடியன் மாதிரி. 'டேக் ஆஃப் இட்'னு சொன்னா சார்ஜண்ட் சிரிப்பாரு. நட்டு என்னமோ கழண்டுரும், அது வேற விசயம்.

அதுக்குன்னு எல்லாத்துலயும் நடுவுல சொருகிறாத. சூட்சுமமே இங்கதான் இருக்குது. மருதமலைப் படியில ஓடி ஏறுனீன்னா 'ஐ ரேன் அப் தி ஹில்'. முக்குப் பேக்கரியில பஃப்சும் டீயுமாத் தின்னு கணக்கு ஏத்தி வெச்சிருக்கறயே, அது 'ஐ ரேன் அப் எ பில்'. காதுக்கு ரெண்டும் ஒண்ணுதான். இப்ப மலையையும் பில்லையும் எடுத்துப்போட்டு 'இட்'டைப் போடு. மலைன்னா 'ஐ ரேன் அப் இட்', பில்லுன்னா 'ஐ ரேன் இட் அப்'. ஏன்னு கேப்பே. மலையில அந்த 'அப்' மலையோட ஆளு, எதுமேல ஓடுனேன்னு சொல்லுது. பில்லுல அது 'ரேன்'கூடச் சேர்ந்துட்டு, ஓடறதையே கடன் ஏத்தறதா மாத்திப்போட்டுது. அதனால 'இட்' ரெண்டுக்கும் நடுவுல பூந்துக்குது. உன்ற அப்பன் என்னையப் பாத்துக்கறானே, அந்த 'லுக் ஆஃப்டர் ஹிம்' மலைக் கட்சி. 'லுக் ஹிம் ஆஃப்டர்'னு பிரிச்சா செல்லாது. உன்ற அப்பத்தா இத்தனை வருசமா என்கூடப் படற பாட்டுக்கு 'புட் அப் வித் ஹிம்'. அதையும் பிரிக்க முடியாது, அவளும் பிரிச்சுப் பாத்துட்டா.

இதுல மலைச்சுப்போயி உக்காரறதுக்கு ஒண்ணுமில்லை. 'மறந்துபோட்டேன்'ங்கறயே, எதைப் போட்டே? 'தின்னுபோட்டு வாரேன்'ங்கறயே, தின்னதை எங்க போட்டே? மெட்ராஸ்காரன் கேட்டா குனிஞ்சு கீழ தேடுவான். போட்டுக் குடுக்கறதுக்கும் விட்டுக் குடுக்கறதுக்கும் கையில ஒரு சாமானமும் வேண்டியதில்லை. இதையெல்லாம் தாள்ல எழுதியா படிச்சே?

சின்னச் சொல்லுன்னு எளக்காரம் மட்டும் வேண்டாம் கண்ணு. இப்ப மேல தேஜஸ் சண்டை விமானம் காதைக் கிழிச்சுட்டுப் போச்சே, அந்த விமானத் தொழில்ல இது உசுரு சமாச்சாரம். 1977 மார்ச் 27, டெனெரீஃபுங்கற தீவு, ஒரே மூடுபனி. ஓடுபாதையில ஒரு டச்சு விமானம், அதே பாதையில எதுக்க ஒரு அமெரிக்க விமானம். டச்சுக்காரங்க ரேடியோவுல 'வீ ஆர் நவ் அட் டேக் ஆஃப்'னாங்க. அவங்க மனசுல கெளம்பிட்டோம்னு. டவர்ல கேட்டவருக்குக் கெளம்பற எடத்துல நிக்கறோம்னு. 583 பேரு போயிட்டாங்க. அந்த 'அட்' ஒண்ணு மட்டும் காரணமில்லை. பனி, அவசரம், ரேடியோவுல ரெண்டு பேரு ஒரே நேரத்துல பேசி அமுங்கிப்போனதுன்னு பலது சேர்ந்துக்கிச்சு. ஆனாலும் அதுக்கப்பறம் பயணி விமானத்துல, மேல ஏறறதுக்கு அனுமதி குடுக்கறப்பவும் அதை ரத்துப் பண்றப்பவும் தவிர 'டேக் ஆஃப்'ங்கற சொல்லை ரேடியோவுல எடுக்கக் கூடாது, மத்ததுக்கெல்லாம் 'டிபார்ச்சர்'னு ஆயிப்போச்சு. விமான மேனுவல் எழுதறதுக்குன்னு ஒரு எளிய இங்கிலீசு வெச்சிருக்கறாங்க, அதுலயும் இந்தக் கூட்டுச் சொல்லுக்கு எடமில்லை. அச்சுல 'ரிமூவ்', வாயில 'டேக் இட் ஆஃப்'னு சொன்னேனே, அந்த மாதிரிதான்.

இண்டர்வியூக்குப் போறயா, போ. 'போஸ்ட்போன்', 'டாலரேட்'டுன்னு வாய் நெறைய ஊதாம, 'புட் இட் ஆஃப்'னு சாதாரணமாப் பேசு. ஆனா எதுக்க இருக்கறவரு நம்ம நாட்டு ஆபீசருங்கறதை மறந்துபோடாத. 'வேர் ஆர் யூ புட் அப்?'னு கேட்டாருன்னா, தாளை நெனச்சுட்டு, என்னென்னத்தைப் பொறுத்துக்கறேன்னு கணக்குச் சொல்லீறாத. எங்க தங்கியிருக்கறேன்னு கேக்கறாரு. சூலூர்ல, அப்பாரு ஊட்டுலன்னு சொல்லு. வாடகை குடுக்கறதில்லைங்கறதை அவரு கேட்டாச் சொன்னாப் போதும்.