சும்மா இருக்கும் செயினைக் காப்பது எப்படி

சும்மா இருத்தலின் பெருமை பற்றித் தமிழில் நிறையவே எழுதியாயிற்று. அதனால் விளையும் ஆபத்து பற்றி, அதுவும் சைக்கிள் செயினை முன்னிட்டு, எழுதப்பட்டது குறைவு. அக்குறையை நிரப்பவே இவ்வாராய்ச்சி. நுவல்பொருள், பின்பக்கம் ஷாக் அப்சார்பர் இல்லாத ஹார்ட்டெயில் என்னும் மலைச் சைக்கிளுக்குச் செயின் கைடும் பாஷ்கார்டும் பூட்டுதல். பயன், செயின் விழாமை. கேட்டற்குரியார், பாதி இறக்கத்தில் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துவைத்து விரலெல்லாம் கிரீஸோடு நிற்பவர்.

முதலில் ஓர் ஐயம் தீர வேண்டும். செயின் எப்போது விழுகிறது? ஏறும்போது உயிரைக் கொடுத்து மிதிக்கிறோமே, அப்போதுதான் என்பார் ஒருசாரார். அது பொருந்தாது. என்னை? மிதிக்கும்போது செயினின் மேல்பாதி விறைத்து நிற்கிறது. விறைத்த செயினைப் பல்லிலிருந்து கிளப்புவது எளிதன்று. விழுவது பெரும்பாலும் மிதிக்காத நேரத்தில்தான். கால் இரண்டும் பெடலில் மட்டமாக நிற்க, சைக்கிள் தன் பாட்டுக்குக் கல்லிலும் வேரிலும் இறங்கிக்கொண்டிருக்கும்போது செயினுக்கு வேலை இல்லை. வேலையற்றது ஆடத் தொடங்குகிறது. பின்னால் கியரை மாற்றித் தரும் டிரெய்லர் (derailleur) என்னும் கருவியின் கை, அதிர்ச்சியில் முன்னோக்கி அசைந்து செயினைத் தளரவிடுகிறது. தளர்ந்த செயின் சிறுமிகள் தாண்டும் கயிறு போல வளைந்தெழுந்து, முன் செயின்வீலின் உச்சியில் பல்லைத் தாண்டிவிடுகிறது. ஹார்ட்டெயிலில் பின்சக்கரம் வாங்கும் அடி எதுவும் குறையாமல் ஃபிரேமுக்கு வருவதால் இந்த நடனம் இன்னும் சிறப்பாக நடக்கும்.

இந்தத் தளர்வு எங்கிருந்து வந்தது என்பதற்கு வரலாற்றுச் சான்று உண்டு. 1976 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் மரின் கவுண்டியில், 'ரீபேக்' என்று பெயர் பெற்ற மண்பாதையில், சில இளைஞர்கள் பழைய பலூன் டயர் சைக்கிள்களை மலையிலிருந்து இறக்கிப் பந்தயம் விட்டார்கள். சார்லி கெல்லி, ஜோ பிரீஸ், கேரி ஃபிஷர் ஆகியோர் அந்தக் கூட்டத்தார். அந்தச் சைக்கிள்கள் பலவற்றில் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் கோஸ்டர் பிரேக். ஒரே இறக்கத்தில் அதன் கிரீஸ் புகைந்து தீர்ந்துவிடும், மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும் என்பதால்தான் பாதைக்கே அந்தப் பெயர். இதில் நம் துறைக்கு வேண்டியது ஒன்று. கோஸ்டர் பிரேக்கில் பிரேக் போவது செயின் வழியாக. செயின் விழுந்தால் பிரேக்கும் போச்சு. அப்படியிருந்தும் செயின் கைடு எவரும் பூட்டவில்லை. கியர் இல்லாத சைக்கிளில் செயினை இழுத்துக் கட்டிவிடலாம்; தளர்வுக்கு இடமே இல்லை. பிறகு மலையேற வேண்டுமென்று கியர் வைத்தார்கள். கியர் மாற, செயினுக்கு மிச்சம் வேண்டும். மிச்சம் வந்ததும் ஆட்டம் வந்தது. ஆகவே செயின் கைடு என்பது ஏறுவதற்காகப் பட்ட கடனுக்கு இறங்கும்போது கட்டும் வட்டி என்க.

இனிக் கருவி. கைடு என்பது செயின்வீலின் உச்சியில் செயினை இருபுறமும் அணைக்கும் ஒரு சிறு கூண்டு. சிலவற்றில் கீழே ஓர் உருளையும் சேரும். உருளை இருந்தால் காவல் பலம். கூடவே கொஞ்சம் இழுவையும் ஓயாத கிரகிரப்பும் உண்டு. பாஷ்கார்டு செயின்வீலுக்கு வெளியே நிற்கும் வட்டத் தகடு. கட்டை, பாறை எதிலாவது சைக்கிளின் வயிறு இடித்தால் பல்லுக்குப் பதில் தான் அடி வாங்கும். பாலிகார்பனேட்டிலும் கிடைக்கும், அலுமினியத்திலும் கிடைக்கும்.

இதை எங்கே பூட்டுவது என்பதில் இரண்டு மதங்கள். கிராங்கிலேயே பூட்டுக என்பார் மதத்தில், முன்பக்கம் மூன்று செயின்வீல் இருந்த காலத்து கிராங்கின் பெரிய வீலைக் கழற்றிவிட்டு அதே நான்கு போல்ட்டில், 104 மி.மீ. வட்டத்தில், பாஷ்கார்டு ஏறிக்கொள்ளும். விளிம்பு பல்லின் நுனிக்கு வெளியே நின்றால் போதும். ஃபிரேமில் பூட்டுக என்பார் இதை மறுப்பர். கிராங்கில் பட்ட அடி அச்சு வழியே பேரிங்குக்குப் போகிறது, அது தகாது என்பர். அவர்களுடைய கார்டு வட்டமில்லை, கீழ்ப்பாதிக்கு மட்டும் வரும் வளைந்த சட்டம். அதற்கு விடையாக முன்னவர், ஃபிரேமில் பட்ட அடி ஃபிரேமிலுள்ள காதையே வளைத்துவிடும், பேரிங் மாற்றலாம், ஃபிரேமை மாற்றுவாயா என்பர். இரு தரப்பும் சொல்வது உண்மை. என் சார்பு முன்னவர் பக்கம், பேரிங் மலிவு.

ஃபிரேமின் காது என்றேன். கிராங்கின் அச்சு சுழலும் பாட்டம் பிராக்கெட்டைச் சுற்றி மூன்று துளையோடு நிற்கும் அதற்கு ஐ.எஸ்.சி.ஜி. என்று பெயர், சர்வதேசச் செயின் கைடு தரம் என்பதன் சுருக்கம். தரம் ஒன்றுதான் இருக்க வேண்டும் என்று எண்ணுபவர் இத்துறைக்குப் புதியவர். பழையதில் துளைகளின் வட்டம் சிறிது, 2005இல் வந்த புதியதில் பெரிது. ஒன்றுக்கு வாங்கியது மற்றதில் ஏறாது. ஹார்ட்டெயில் பலவற்றில் இரண்டுமே கிடையாது.

காதில்லாத ஃபிரேமுக்கு ஒரு வழி சொல்லப்பட்டிருக்கிறது. கைடின் தகட்டைப் பாட்டம் பிராக்கெட்டின் வலப்பக்கக் கப்புக்கும் ஃபிரேமுக்கும் நடுவே செருகுதல். வெளிக்கப்பு உள்ள சைக்கிளில் அங்கே முன்பே 2.5 மி.மீ. ஸ்பேசர் இருக்கும், பாட்டம் பிராக்கெட்டின் அகலம் 68 மி.மீ. ஆன ஃபிரேமுக்கு இரண்டு, 73க்கு ஒன்று. ஒன்றை எடுத்துவிட்டு அவ்விடத்தில் தகட்டை வைத்தால் கணக்கு நேராகும். சொல்வது எளிது. இதற்காகக் கிராங்கைக் கழற்ற வேண்டும், பின் கப்பைக் கழற்ற வேண்டும். அங்கேதான் பலருடைய புலமை முடிகிறது. வலப்பக்கக் கப்பின் மரை எதிர்மரை. கடிகாரத் திசையில் திருகினால் கழலும், எதிர்த்திசையில் திருகினால் இறுகும். காரணமின்றி அப்படி வைக்கவில்லை. கிராங்க் ஒரு திசையில் சுழல, சுமை தாங்கும் கப்பு மெல்ல மெல்ல மறுதிசையில் நகரப் பார்க்கும். எதிர்மரையில் அந்த நகர்வே இறுக்கமாகிவிடுகிறது. இத்தாலிய மரபில் இரு பக்கமும் நேர்மரை, அதனால் வலப்பக்கம் தானாகக் கழன்றுகொள்ளப் பார்க்கும். இத்தாலியர் அழகான சைக்கிள் செய்தார்கள் என்பதை யாரும் மறுக்கவில்லை. எதிர்மரை மரபுக்கு பி.எஸ்.ஏ. மரை என்று பெயர். பர்மிங்காமின் துப்பாக்கிக் கம்பெனி ஒன்றின் முதலெழுத்துகள் அவை. நம்மூரில் அதே எழுத்துகள் அம்பத்தூரில் செய்த சைக்கிளின் கழுத்தில் ஒட்டியிருந்தன.

கப்பை 35 முதல் 50 நியூட்டன் மீட்டர் வரை இறுக்குக என்பது விதி. 'கை வலிக்கும்வரை' என்பது வழக்கு. விதிப்படி இறுக்கியபின்னும் ஒரு குறை தங்கும். இந்தத் தகட்டைப் பிடித்திருப்பது கப்பின் அழுத்தம் மட்டுமே, போல்ட் ஏதுமில்லை. பாறையில் ஒருமுறை நன்றாக இடித்தால் கைடு முழுவதும் பாட்டம் பிராக்கெட்டைப் பிரதட்சிணம் செய்து வேறோர் இடத்தில் நிற்கும். நின்ற இடத்தில் செயினை உரசும். ஆக, அடி தாங்க வைத்த பொருள் அடிபட்டால் திரும்பிக்கொள்ளும். நூலோர் இதைப் பற்றி மௌனம் சாதிக்கின்றனர்.

பூட்டியபின் கூண்டுக்கும் செயினுக்கும் இடைவெளி பார்க்க வேண்டும். பின்னால் மிகப் பெரிய பல்சக்கரத்திலும் மிகச் சிறியதிலும் மாறி மாறிப் போட்டு, இரண்டிலும் உரசாத நடுநிலை தேட வேண்டும். ஒன்றில் உரசாவிட்டால் மற்றதில் உரசும். மெல்லிய வாஷர்களின் துணையால் இதைத் தீர்க்கலாம். தீராத உரசலைப் பழக்கத்தால் தீர்ப்பவர் பெரும்பான்மையர்.

இத்தனை பாடும் வேண்டியதில்லை என்னும் பரபக்கத்தார் 2012 வாக்கில் தோன்றினர். செயினில் ஒரு கண்ணி உள்ளகலம் குறைவு, அடுத்தது அதிகம். சாதாரணப் பல் குறுகிய கண்ணிக்கு ஏற்பச் செய்தது. அகன்ற கண்ணியில் அது தளர்வாகவே நிற்கும். ஒரு பல் மெலிவு, ஒரு பல் தடிப்பு என்று மாற்றி மாற்றி வைத்தால் எல்லாக் கண்ணியும் நிறையும் என்று ஸ்ராம் கம்பெனி அப்படியொரு செயின்வீலை விற்றது. ஒற்றைப்படைப் பல் இதில் ஆகாது. 33 பல் வீல் கேட்பவரைக் கடைக்காரர் பரிதாபமாகப் பார்ப்பார். கூடவே டிரெய்லரின் கையை முன்னசையாமல் இறுக்கும் கிளட்சும் வந்தது. தடித்த பல்லுக்கு ஸ்ராம் பெற்ற காப்புரிமை செல்லாது என்று ஃபாக்ஸ் ஃபேக்டரி என்னும் கம்பெனி வழக்காடியது. 2019 டிசம்பரில் அமெரிக்கக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம், அந்த வீல் நன்றாக விற்றது காப்புரிமையில் எழுதிய அம்சத்தாலா, எழுதாத அம்சத்தாலா என்பதை மறுபடி ஆராயச் சொல்லி விவகாரத்தைத் திருப்பி அனுப்பியது. ஒரு பல்லின் தடிப்பைப் பற்றி இவ்வளவு நீண்ட தீர்ப்பு எழுதிய நாட்டில், இந்த ஆராய்ச்சியை வெட்டிவேலை என்பார் இருக்க மாட்டார் என நம்புகிறேன்.

பரபக்கத்தாரிலும் தீவிரர் சிலர் இன்னொரு சான்றைக் காட்டுவர். 2015 ஜூனில் ஆஸ்திரியாவின் லியோகாங்கில் நடந்த டவுன்ஹில் உலகக் கோப்பைப் பந்தயத்தில், ஆரன் க்வின் புறப்பட்ட மாத்திரத்தில் செயின் அறுந்துவிட்டது. மிதிக்க வழியின்றி மலை முழுக்க உருண்டே வந்து, நொடியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத வித்தியாசத்தில் முதலாவதாக வந்தார். இறங்குவதற்குச் செயினே வேண்டாம் என்றால் அதற்குக் காவல் எதற்கு என்பது அவர்கள் வினா. இது ஏற்கத்தக்கதன்று. அறுதல் வேறு, விழுதல் வேறு. நம் நூல் விழுதலைப் பற்றியது. அறாமல் காக்கும் கருவியை யாராவது செய்து விற்றாலும் அதைப் பூட்ட மூன்று துளை கேட்பார்கள். அவை மூன்றும் ஏற்கெனவே நிரம்பிவிட்டன.