மேப்பிள் இலைக்குப் பதிலாகப் பாதாம் இலை கொடுத்தனுப்பியது தொடர்பாக

பெருமதிப்பிற்குரிய தாளாளர் அவர்களுக்கு,

தங்கள் பள்ளியில் கடந்த வெள்ளிக்கிழமை சீரும் சிறப்புமாக நடந்தேறிய 'ஆட்டம் டே' என்னும் இலையுதிர்கால விழாவுக்கு மேப்பிள் இலை கேட்கப்பட்டிருக்க, பாதாம் இலையைக் கொடுத்தனுப்பிய தாய் நான்தான். எல்.கே.ஜி. பெற்றோர் வாட்ஸாப் குரூப்பில் வெளியான படத்தைத் தாங்களும் பார்த்திருப்பீர்கள். எல்லாப் பிள்ளைகளும் இரண்டு கையிலும் இலை பிடித்துச் சிரிக்க, கடைசி வரிசை ஓரத்தில் வெறுங்கையோடு தரையைப் பார்த்துக்கொண்டு ஒருவன் நிற்கிறானே, அவன் என் மகன். படத்துக்குக் கீழே, "சில பெற்றோர்கள் பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் கொஞ்சம் அக்கறை எடுத்துக்கொள்ளலாம், கைண்ட்லி கோஆபரேட்" என்று ஒரு வரி. பெயர் போடாமல் விட்டது தங்கள் பள்ளியின் பெருந்தன்மை. இலையில்லாமல் நின்றது அவன் ஒருவன்தான் என்பதால் பெயர் தேவைப்படவும் இல்லை. மற்ற அம்மாக்கள் வரிசையாகக் கட்டைவிரல் உயர்த்தினார்கள். நானும் உயர்த்தினேன். கோஆபரேட் செய்தேன்.

முந்தைய இரவு ஒன்பதரை மணிக்கு வந்த தங்கள் சுற்றறிக்கையின் அழகைச் சொல்லியே ஆக வேண்டும். ஆரஞ்சு அல்லது பிரவுன் உடை, கழுத்தில் மப்ளர், கையில் ஐந்து மேப்பிள் இலை. சார்ட் பேப்பரில் வெட்டியது கூடாது, நிஜ இலைதான் வேண்டும். வெளியே ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு போய், ஃபேன்சி ஸ்டோர்காரர் பாதி இறக்கியிருந்த ஷட்டரைப் பிடித்து நிறுத்தி, ஓர் ஆரஞ்சு பனியனோடு திரும்பினார். ஐ.பி.எல். முடிந்து மாதக்கணக்காகியும் சென்னையில் எவரும் சீண்டாமல் கிடந்த ஹைதராபாத் அணி ஜெர்ஸி அது. மப்ளருக்கு, மாமனார் பழனிக்குப் போனபோது வாங்கிய காவித் துண்டு. கோஆபரேட் செய்தோம்.

இலைக்குத்தான் வழி தெரியவில்லை. மேப்பிள் மரத்தைப் பார்க்க இமயமலைப் பக்கம் போக வேண்டும். இரவோடு இரவாகப் போய்வரச் சொல்லியிருந்தால் அதையும் செய்திருப்போம்; காலை ஏழேமுக்காலுக்குத் தாங்கள் கேட்டைச் சாத்திவிடுவீர்கள் என்பதுதான் இடைஞ்சல். கடைசியில் அத்தைதான், "பக்கத்துத் தெரு பாதாம் மரத்தடியில செக்கச்செவேல்னு கிடக்கும்மா, போய்ப் பொறுக்கிட்டு வா" என்றார். டார்ச் அடித்துப் பொறுக்கினோம். உதிர்வதற்கு முன் அப்படிச் சிவக்கிற மரம் எங்கள் பக்கம் அது ஒன்றுதான். மகள் துண்டால் ஒவ்வொன்றாகத் துடைத்தாள். மகன் நல்லதாக ஐந்து தேர்ந்தெடுத்து, அக்காவின் நோட்டுக்குள் வைத்து, நோட்டைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு தூங்கினான்.

மறுநாள் வகுப்பில் மிஸ் அந்த இலைகளை வாங்கிப் பார்த்து, "திஸ் இஸ் நாட் ஆட்டம்" என்று குப்பைத் தொட்டியில் போட்டாராம். அவன்தான் வந்து சொன்னான். நான்கு வயதுப் பிள்ளை தலைமாட்டில் வைத்துத் தூங்கிய இலை அது. அதை அவன் கண்ணெதிரே குப்பையில் போட்டு, வெறுங்கையோடு நிறுத்திப் படமும் எடுத்து, அதை ஊருக்கெல்லாம் அனுப்புகிறவர்களுக்கு, அக்கறையைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்க என்ன யோக்கியதை இருக்கிறது?

மன்னிக்க வேண்டும். மழைக்காலம், தொண்டை கட்டியிருக்கிறது. குரல் கொஞ்சம் கரகரத்துவிட்டது.

தங்கள் பள்ளியின் உலகத் தரத்தை நான் ஒருபோதும் சந்தேகித்ததில்லை. பகல் குறுகி இரவும் குளிர்ந்தால்தான் மேப்பிள் இலையில் பச்சையம் கரைந்து மஞ்சள் வெளியே வரும், சிவப்பு ஏறும். சென்னை இருப்பதோ 13 டிகிரி வடக்கில். ஆண்டிலேயே நீளமான பகலுக்கும் குட்டையான பகலுக்கும் இங்கே வித்தியாசம் சுமார் ஒன்றரை மணி நேரம். அதை நம்பி எந்த மரமும் இங்கே உடை மாற்றுவதில்லை. நம் ஊர் வேம்பு இலை உதிர்ப்பது மாசி, பங்குனியில். அப்போது தங்கள் வளாகம் முழுக்க மஞ்சள் சருகு கிடக்கும், ஆயாக்கள் இடுப்பொடியப் பெருக்குவார்கள், உள்ளே 'ஸ்பிரிங் டே' நடக்கும். போன வருஷம் அதற்குக் காகிதப் பூ ஒட்டிய தொப்பி செய்து கொடுத்தேன். கோஆபரேட் செய்தேன். ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பிரித்து ஐப்பசி, கார்த்திகையைக் கூதிர்காலம் என்று சொல்லிப் போனவர்கள், தங்கள் கேலண்டரைக் கலந்துகொள்ளாமலே சொல்லிவிட்டார்கள். அந்தக் காலத்துப் பெற்றோருக்கும் அக்கறை போதவில்லை போலும்.

ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்ள வேண்டும். விழாவன்று வானிலை ஆய்வு மையம் தங்களோடு முழுமையாகக் கோஆபரேட் செய்தது. காலையிலேயே சென்னைக்கு ஆரஞ்சு எச்சரிக்கை.

சென்னைக்கு ஓர் ஆண்டில் பெய்கிற மழையில் பாதிக்கு மேல் அக்டோபருக்கும் டிசம்பருக்கும் நடுவில் பெய்துவிடுகிறது. இது ஊரில் எல்லோருக்கும் தெரியும். பெருமழை என்று செய்தி வந்த மாத்திரத்தில் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசைகட்டி ஏறி நின்றுவிடுகின்றன. பால்காரருக்குத் தெரியும், கேஸ் போடுகிறவருக்குத் தெரியும், மரவட்டைக்குக்கூடத் தெரியும். சரியான நேரத்துக்கு எங்கள் குளியலறைச் சுவரில் ஏறிவிடுகிறது. தங்கள் கேலண்டர் மட்டும் கனடாவிலேயே இருக்கிறது. இந்த மூன்று மாதத்திலும் புதன்கிழமை, வெள்ளிக்கிழமைகளில் வெள்ளை யூனிஃபார்ம், வெள்ளை கேன்வாஸ் ஷூ. ஹாலில் குறுக்கே கொடி கட்டி, ஃபேனை ஐந்தில் வைத்து, ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் ஷூவைச் சாய்த்து வைத்து, சாக்ஸின் மேல் இஸ்திரிப் பெட்டியை ஓட்டினால் அது ஆவியை விட்டு அழுகிறது. எங்கள் வீட்டுக்கு வரும் விருந்தாளிகள் குனிந்துதான் வர வேண்டும். தலையில் யார் பாவாடையாவது உரசும். இவ்வளவுக்குப் பிறகும் ஷூவில் ஈரம் என்று மகளின் டைரியில் சிவப்பு மையில் ஒரு குறிப்பு. கீழே கையெழுத்துப் போட்டேன். வேறென்ன, கோஆபரேட் செய்தேன்.

நானெல்லாம் வானிலை ஆய்வு மையத்து ரமணன் தொலைக்காட்சியில் தோன்றினாலே லீவு என்று துள்ளிய தலைமுறை. என் மகள் துள்ளுவதில்லை, வேண்டுதல் வைக்கிறாள். இரவு சாமி கும்பிடும்போது முருகனுக்கு அடுத்தபடி அவள் கும்பிடுவது மாவட்ட ஆட்சியரைத்தான். ஆட்சியரும் கைவிடுவதில்லை. ஆனால் முருகனுக்கும் ஆட்சியருக்கும் மேலே தாங்கள் ஒருவர் இருக்கிறீர்கள். காலை ஆறரைக்கு மாவட்டத்துக்கே விடுமுறை என்று டி.வி.யில் ஓடும். தங்களிடமிருந்து ஒன்றும் வராது. கேட்டு எழுதினால், "அஃபிஷியல் மெசேஜுக்குக் காத்திருக்கவும்" என்று பதில். இட்லியை ஊட்டி, ரெயின்கோட்டை மாட்டி, முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என்று ஸ்கூட்டியில் ஏற்றி, கேட் வாசலில் இறக்கியதும் தங்கள் அஃபிஷியல் மெசேஜ் வரும். வாட்ச்மேன் அண்ணன் பாவம், அவருக்கே அப்போதுதான் தெரியும். வீடு திரும்பி ஈரத் துணியை மாற்றுவதற்குள் அடுத்த மெசேஜ்: ஒன்பது மணிக்கு ஆன்லைன் வகுப்பு. அதோடு விட்டதா, அந்த நாளை ஈடுகட்ட ஒரு சனிக்கிழமையும் போகும். ஒரே விடுமுறையை இப்படி இரண்டு முறை எங்களிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்கிற சாமர்த்தியம் வட்டிக்கடைக்காரருக்கும் வராது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்கு அரசாங்கமே அரையாண்டுத் தேர்வைத் தள்ளி வைத்தது. தாங்கள் தளரவில்லை. மழையைப் பற்றிய ஆங்கிலப் பாட்டுப் போட்டி ஒன்றை ஆன்லைனில் நடத்தினீர்கள். வீட்டில் கரண்ட் இல்லை, கீழ்த்தளத்தில் தண்ணீர். போனில் மிச்சமிருந்த சார்ஜில், மழையைப் போகச் சொல்லி என் மகள் பாடி அனுப்பினாள். மழை கோஆபரேட் செய்யவில்லை.

வீட்டுப்பாடம் பற்றியும் ஒரு வார்த்தை. முதல் இரண்டு வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று 2018-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. 2020-இல் வந்த மத்திய அரசின் பள்ளிப் பைக் கொள்கையும் அதையே சொல்கிறது. ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பை 1.6 கிலோவிலிருந்து 2.2 கிலோவுக்குள், எல்.கே.ஜி.க்குப் பையே கூடாது என்றும் அதில் இருக்கிறது. தங்கள் பள்ளியில் வீட்டுப்பாடம் கிடையவே கிடையாது என்பதற்கு நானே சாட்சி. 'ஆக்டிவிட்டி' மட்டும்தான். இரண்டாம் வகுப்புக்கு தீபாவளிக்கு வீணான பொருளில் விளக்கு செய்ய வேண்டும் என்று வந்தது. நான் ராத்திரி பதினொரு மணிக்குத் தேங்காய்ச் சிரட்டையைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். மகள் எப்போதோ தூங்கிவிட்டாள். அவளுக்கு ஏ கிரேடு வந்தது. எனக்கு விரலில் பிளாஸ்திரி.

காய்ச்சல் விஷயத்தில் தங்கள் தொலைநோக்கு தனி. டெங்கு காலம், லேசாகச் சுட்டாலும் பிள்ளையை அனுப்பாதீர்கள் என்று திங்கட்கிழமை ஒரு சுற்றறிக்கை. ஒரு நாளும் விடாமல் வந்த பிள்ளைகளுக்கு மேடையில் சான்றிதழ் என்று செவ்வாய்க்கிழமை ஒன்று. நாங்கள் திங்கட்கிழமைப்படி நடந்தோம். அத்தை நிலவேம்புக் கஷாயம் காய்ச்சினார், இருவரும் துப்பினார்கள், தரையைத் துடைத்தேன். சான்றிதழ் வாங்கிய பிள்ளைகளில் ஒருத்தி அன்று மேடையிலேயே தும்மிக்கொண்டிருந்தாள். அவள் அம்மா செவ்வாய்க்கிழமைக்குக் கோஆபரேட் செய்திருக்கிறார்.

கடைசியாக, தங்கள் வாசல். மழை பெய்தால் தங்கள் கேட்டுக்கு முன்னால் முழங்காலளவு தண்ணீர் நிற்கிறது. அது மழைத்தண்ணீர் மட்டுமல்ல என்பது மூக்குள்ள எவருக்கும் தெரியும். வடிகால் வேலைக்குத் தோண்டிய பள்ளம் அதற்குள்தான் எங்கோ இருக்கிறது. கம்பி நட்டு ஒரு சிவப்புத் துணியாவது கட்டுங்கள் என்று பெற்றோர் சேர்ந்து கேட்டோம். கேட்டுக்கு வெளியே நடப்பதற்குப் பள்ளி பொறுப்பல்ல என்று ஆபீஸில் பதில் சொன்னார்கள். பிள்ளைகள் வானத்திலிருந்தா உள்ளே குதிக்கிறார்கள்? ஒரு பிள்ளை அதில் காலை விட்ட பிறகு கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டுவதற்கு மட்டும் கேட்டுக்கு வெளியே வருவீர்களா? விழாவன்று மேடை முழுக்க நிறுத்திவைத்த தெர்மாகோல் மரங்களின் செலவில் நாலு லோடு செம்மண் அடித்திருக்கலாம். நாலு மூட்டை மணலாவது போட்டிருக்கலாம்.

குரல் மறுபடி கரகரக்கிறது. விழா மேடை மிக நேர்த்தியாக இருந்தது என்பதைச் சொல்லிக்கொள்கிறேன்.

என் மகனைப் பற்றித் தாங்கள் கவலைப்பட வேண்டாம். இலை விஷயத்தை அவன் இரண்டு நாளில் மறந்துவிட்டான். இப்போது அவனுடைய கவனம் மரவட்டையில். தொட்டால் சுருளும், விட்டால் கொஞ்ச நேரத்தில் நடக்கும், அந்தக் கொஞ்ச நேரம் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி இல்லை என்று கண்டுபிடித்திருக்கிறான். இரவில் கத்துகிற தவளைகளில் இரண்டு வகைக் குரல் இருப்பதாக அக்காவோடு வாதாடுகிறான். மரவட்டையை டிபன் பாக்ஸில் போட்டு மிஸ்ஸுக்குக் காட்ட எடுத்து வந்ததும் தங்களுக்குத் தெரிந்திருக்கும். "பூச்சிகளை வகுப்புக்குக் கொண்டுவரக் கூடாது, கைண்ட்லி கோஆபரேட்" என்று டைரியில் வந்திருந்தது. மரவட்டையிடம் தெரிவித்துவிட்டோம்.

இதற்கிடையே டிசம்பர் 'விண்டர் டே'க்கான சுற்றறிக்கையை இம்முறை முன்கூட்டியே அனுப்பியிருக்கிறீர்கள். நன்றி. ஒவ்வொரு பிள்ளையும் இரண்டடி உயரத்தில் பஞ்சில் ஒரு பனிமனிதன் கொண்டுவர வேண்டும், மூக்குக்கு நிஜக் கேரட் வைக்க வேண்டும் என்று இருக்கிறது. டிசம்பர் முதல் வாரம் சென்னையில் எப்படி இருக்கும் என்பது 2015 வெள்ளத்திலிருந்து எங்களுக்கு நினைவிருக்கிறது. ஸ்கூட்டியில், மழையில், இரண்டு பிள்ளைகளுக்கு நடுவே இரண்டடிப் பஞ்சு. தாங்கள் அறிந்ததே, பஞ்சு தண்ணீரைக் குடிக்கும். பனிமனிதன் கேட்டுக்கு வரும்போது என்ன எடையில் இருப்பான் என்று பைக் கொள்கையில் சொல்லப்படவில்லை. மெடிக்கல் ஷாப்காரர் எத்தனை ரோல் வேண்டும், யாருக்கு அடிபட்டது என்று கேட்கிறார். வாங்கிவிடுகிறேன்.

கேரட் விஷயத்தில்தான் ஒரு சிறு தெளிவு தேவை. அது ஊட்டியிலிருந்து வருகிறது. மழையில் லாரி வராவிட்டால் எங்கள் தெருக் காய்கறி வண்டியில் கத்திரிக்காய்தான் இருக்கும். கத்திரிக்காய் மூக்கு வைத்த பனிமனிதனை வகுப்புக்குள் விடுவீர்களா, அல்லது அவனையும் கடைசி வரிசை ஓரத்தில் நிறுத்திப் படம் எடுப்பீர்களா என்பதை எழுத்து மூலம் தெரிவித்தால், அதற்கேற்ப மகனைத் தயார்படுத்திக்கொள்வேன். பதில் அலுவலக நேரத்துக்குள் வந்தால் நல்லது. ஒன்பதரை மணிக்கு மேல் எங்கள் வீட்டில் பிள்ளைகள் தூங்குகிற நேரம்.

கைண்ட்லி கோஆபரேட்.

இப்படிக்கு,
எல்.கே.ஜி. 'பி' பிரிவுப் பெற்றோர்
(இரண்டாம் வகுப்பு 'ஏ' பிரிவுப் பெற்றோரும் இவரே)