அதிதிகள் வாய் திறக்காதிருக்க ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்:
ஒரு லாட்ஜ் ரிசப்ஷன்காரன்,
காரைக்கால்.

பெறுநர்:
உயர்திரு செயலாளர் அவர்கள்,
மத்திய சுற்றுலா அமைச்சகம்,
புது தில்லி.

பொருள்: வெளிநாட்டுப் பயணிகளுக்கான அறிவுரை அட்டை – உள்ளூரில் எழுந்துள்ள சில சந்தேகங்களுக்குத் தெளிவுரை வேண்டுதல்.

பார்வை: ஆகஸ்ட் 2016இல் அன்றைய அமைச்சர் மகேஷ் சர்மா அவர்கள் ஆக்ராவில் விளக்கிய, விமான நிலையத்தில் தரப்பட்ட ‘செய்ய வேண்டியவை, கூடாதவை’ அட்டை.

ஐயா,

லாட்ஜ் வாசலில் மேசை போட்டு உட்கார்ந்து சாவி கொடுத்துப் பிழைப்பவன் நான். சனிப்பெயர்ச்சி வந்தால் பக்கத்திலிருக்கும் திருநள்ளாற்றுக்கு லட்சக்கணக்கில் வருவார்கள். நளன் குளத்தில் முங்கி எழுந்து, உடுத்தியிருந்த துணியையும் பிடித்திருந்த சனியையும் அங்கேயே விட்டுவிட்டுப் போவார்கள். வெளிநாட்டார் தங்கினால் மட்டும் எனக்குக் கூடுதல் வேலை. நாங்கள் ‘சி ஃபார்ம்’ என்று சொல்லிப் பழகிய படிவத்தை 24 மணி நேரத்துக்குள் அனுப்பியாக வேண்டும். பாஸ்போர்ட் எண், விசா எண், எங்கிருந்து வந்தார், எங்கே போகிறார், எல்லாவற்றுக்கும் அதில் கட்டம் உண்டு. வந்த இடத்தில் அவருக்கு என்ன ஆயிற்று என்பதற்கு மட்டும் கட்டம் இல்லை.

எங்கள் ஊரில் வெளிநாட்டார் யார் என்பதே கொஞ்சம் சிக்கலான கேள்வி. 1739 முதல் 1954 வரை பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊர் இது. பாரீஸுக்குக் குடிபோன குடும்பங்கள் நிறைய. பிரெஞ்சு பாஸ்போர்ட்டோடு வந்து இறங்கும் பெண் எனக்குச் சித்தப்பா பேத்தியாகவே இருப்பாள். 2016இல் நீங்கள் அறிவித்த 1363 உதவி எண் 12 மொழிகளில் பேசும் என்றீர்கள்: இந்தி, ஆங்கிலம், கூடவே பத்து அயல்மொழிகள். பிரெஞ்சு இருந்தது, தமிழ் இல்லை. ஆக, ஆபத்து என்றால் பாரீஸ்காரி பிரெஞ்சில் கூப்பிட்டுவிடுவாள். கூடவே போகும் திருவாரூர் அத்தை மகளைப் புதுச்சேரி அலியான்ஸ் பிரான்சேஸில் பிரெஞ்சு படிக்கச் சேர்த்துவிடலாமா என்று யோசிக்கிறேன்.

இனி அட்டைக்கு வருகிறேன். அமைச்சர் விளக்கியது இது: குட்டைப் பாவாடை வேண்டாம், சிறிய ஊர்களில் இரவில் தனியே போக வேண்டாம், ஏறும் வண்டியின் எண்ணைப் படம் பிடித்து நண்பருக்கு அனுப்பவும். நல்ல யோசனைகள். பலர் சத்தம் போட்டதும், கோயில்களை மனத்தில் வைத்துத்தான் சொன்னேன் என்று அமைச்சர் விளக்கினார். என் சந்தேகங்கள் இவை: காரைக்கால் சிறிய ஊரா, பெரிய ஊரா? இரவு எத்தனை மணிக்குத் தொடங்குகிறது? அந்த நேரத்துக்குப் பிறகு எங்கள் ஊர் ஆண்கள் வேறு ஏதாவதாக மாறிவிடுவார்கள் என்று அமைச்சகத்துக்குத் தகவல் உண்டா? உண்டென்றால் எச்சரிக்கையை அவர்கள் கையில் அல்லவா கொடுத்திருக்க வேண்டும்?

அடுத்தது பானம் பற்றியது. எங்கள் ஊரின் முதல் சுற்றுலாத் தலம் கடற்கரை என்று உங்கள் கையேடு நினைக்கலாம். உண்மையில் அது வாஞ்சூர். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி வரிசையாக நிற்கும் மதுக்கடைகளைத் தரிசிக்க நாகப்பட்டினத்திலிருந்தும் திருவாரூரிலிருந்தும் பக்தர்கள் வருகிறார்கள். இந்தத் தலத்தின் மகிமையே தனி. குடித்த ஆண் தப்பு செய்தால், ‘போதையில தெரியாம செஞ்சிட்டான்’ என்பார்கள். குடித்த பெண்ணுக்குத் தப்பு நடந்தால், ‘தெரிஞ்சேதானே குடிச்சா’ என்பார்கள். பாட்டில் ஒன்றுதான். அவனுக்கு மன்னிப்பு, அவளுக்குக் குற்றப்பத்திரிகை.

சட்டம் தலைகீழாகச் சொல்கிறது என்று ஒரு வக்கீல் நண்பர் படித்துக் காட்டினார். போதையாலோ மயக்க மருந்தாலோ நடப்பது புரியாத நிலையில் ஒரு பெண் ‘சரி’ என்றாலும் அது சம்மதம் ஆகாது என்கிறது பாரதிய நியாய சன்ஹிதா 63ஆம் பிரிவு. கெட்ட எண்ணத்தோடு மயக்க மருந்து கொடுத்தால் பத்து ஆண்டு வரை சிறை என்கிறது 123ஆம் பிரிவு. பழைய தண்டனைச் சட்டத்திலும் இவை இருந்தவைதாம். ஆனாலும் அமைச்சர் விளக்கியதில் பாவாடைக்கு இருந்த இடம் இந்த இரண்டு வரிக்கு இல்லை.

ஜூலை 2018இல் திருவண்ணாமலையில் ஒரு ரஷ்யப் பெண் வாடகைக் குடியிருப்பில் மயங்கிய நிலையில் மீட்கப்பட்டார். மயக்க மருந்து, பாலியல் வன்முறை என்று புகார் எழுந்து, கைதுகளும் நடந்தன. எங்கள் டீக்கடையில் எழுந்த முதல் கேள்வி: “தனியா எதுக்கு வந்துச்சு அந்தப் பொண்ணு?” அதே மலையைச் சுற்ற வெள்ளைக்காரர் ஒருவர் தனியாக வந்தால், “ஞானம் தேடி வந்திருக்காரு” என்பார்கள். ஞானத்துக்கும் துணைக்கு ஆள் வேண்டுமா என்பதை அட்டையின் அடுத்த பதிப்பில் தெளிவுபடுத்தவும்.

‘பொய்ப் புகாராகவும் இருக்கலாமே’ என்பவர்களும் உண்டு. இருக்கலாம். மெய்யா பொய்யா என்று பார்க்கத்தானே பரிசோதனை? ஜி.எச்.பி. போன்ற மயக்க மருந்து சிறுநீரில் ஏறக்குறைய 12 மணி நேரமே தங்கும். எந்தக் காவல் நிலையத்திலும் புகாரைப் பதியலாம் என்கிறது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவு. அதை, ‘இந்த நிலையம் தவிர எந்த நிலையத்திலும்’ என்று வாசிக்கும் பழக்கம் நம் நாட்டில் பழையது. மூன்று பக்கம் தமிழ்நாடும் ஒரு பக்கம் கடலுமாக இருக்கும் எங்கள் ஊரில் இந்த வாசிப்புக்கு வசதி அதிகம். சம்பவம் சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்று பேசி முடிப்பதற்குள் சாட்சி உடம்பிலிருந்தே வடிந்து போய்விடும். அப்புறம் ‘ஆதாரம் எங்கே?’ என்று கேட்கலாம். பரீட்சை வைக்காமலே ஃபெயில் போடும் வாத்தியார் வேலை.

விருந்தினர் தெய்வம் என்று நீங்கள் செய்யும் விளம்பரத்தின் உட்பொருள் இப்போதுதான் விளங்குகிறது. தெய்வம் என்றால் ஒரு வசதி, வாய் திறக்காது. திறந்துவிட்டால் நமக்குக் கோபம் வருகிறது. 2008இல் கோவாவின் அஞ்சுனா கடற்கரையில் ஒரு பிரிட்டிஷ் சிறுமி இறந்து கிடந்தாள். தண்ணீரில் மூழ்கிய சாவு என்றார்கள். அவளுடைய அம்மா விடாமல் போராடியதால்தான் இரண்டாவது பிரேதப் பரிசோதனை நடந்தது. பொறுப்பில்லாத தாய் என்று அவர்மீதே பழியும் விழுந்தது. உயர் நீதிமன்றம் ஒருவரைக் குற்றவாளி என்று சொன்னது 2019இல். மார்ச் 2024இல் ஜார்க்கண்டின் தும்காவில் ஸ்பெயின் நாட்டுப் பெண்ணுக்கு நடந்த கூட்டு வன்முறையை ஒட்டி, இந்தியாவில் தான் கண்டதை ஓர் அமெரிக்கப் பத்திரிகையாளர் எழுதினார். தேசிய மகளிர் ஆணையத்தின் அன்றைய தலைவர் ரேகா சர்மா, போலீஸில் சொல்லாமல் நாட்டை அவதூறு செய்யும் பொறுப்பற்றவர் என்று அவரைச் சாடினார். இதிலிருந்து நான் புரிந்துகொண்டது: செய்தால் சம்பவம், சொன்னால் தேசத்துரோகம். சரிதானா என்று உறுதிசெய்யவும்.

எங்கள் ஊர்ப் பெயரையும் யாரோ கெடுத்தார்கள். 2013 கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவில், வெளியூரிலிருந்து வந்த 21 வயதுப் பெண் ஒருவர் ஒரே இரவில் இரண்டு கும்பல்களிடம் சிக்கிச் சீரழிந்தார். தில்லிப் பேருந்துச் சம்பவம் நடந்த மறு வருடம் அது; நாடே தெருவில் இறங்கி, சட்டமும் திருத்தப்பட்டிருந்தது. அவருக்கு விசா இல்லை, சி ஃபார்ம் இல்லை, 1363 இல்லை. அவர் அதிதி கணக்கில் வரவில்லை. பெயரைக் கெடுத்தது யார் என்று அன்றைக்கு ஊரில் யாருக்கும் சந்தேகம் வந்திருக்கக் கூடாது. வந்தது.

கடைசியாக ஒன்று. இந்த ஊர்ப் பெண்களில் தனியாகப் பயணம் போய்ப் பெரும்பேர் பெற்றவர் புனிதவதியார், அதாவது காரைக்கால் அம்மையார். அழகைச் சுமந்த சதையை உதறி, பேய் வடிவம் கேட்டு வாங்கி, தலையாலே நடந்து கயிலை போனார். வழியில் கண்டவர்கள் அஞ்சி ஓடினார்கள் என்கிறது பெரியபுராணம். உங்கள் அட்டை சொல்வதைக் கடைசிவரை கடைப்பிடித்தால் போய்ச் சேரும் இடம் இதுதான். ஒரே வித்தியாசம்: அம்மையார் அந்த வடிவத்தைத் தானே விரும்பிக் கேட்டார். நீங்கள் அதை வருகிற பெண்களிடமெல்லாம் கேட்கிறீர்கள்.

ஆகவே, உள்ளூர் ஆண்களுக்கென ஓர் அட்டையை மாதிரிக்கு எழுதி இணைத்துள்ளேன்:

1. அடுத்தவர் குவளையில் அவர் கேட்காத எதையும் ஊற்றக் கூடாது.
2. நிற்க முடியாதவரை அழைத்துப் போக வேண்டிய இடம் ஆஸ்பத்திரி, அறை அல்ல.
3. ஒரு பெண் தனியாக நடந்து போனால் அவர் நடந்து போகிறார் என்று பொருள். வேறு பொருள் இல்லை.
4. புகார் எழுதும் மேசையில் பேனா போதும். பாவாடை அளக்க டேப் வேண்டாம்.

விமான நிலையம் வரை அனுப்ப வேண்டியதில்லை. வாஞ்சூரில் ஒவ்வொரு பாட்டிலின் கழுத்திலும் கட்டிக் கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
லாட்ஜ் ரிசப்ஷன்காரன்.

நகல்:
1. காரைக்கால் அம்மையார், பாரதியார் சாலை – தகவலுக்காக.
2. சித்தப்பா பேத்தி, பாரீஸ் – ஆனி மாத மாங்கனித் திருவிழாவுக்கு வருகிறேன் என்றாள். தில்லியிலிருந்து பதில் வந்தபின் டிக்கெட் போடச் சொல்லியிருக்கிறேன்.