நீலச் சுடரும் நீளக் கல்வெட்டும்

பக்கத்து வீட்டு அத்தை சாயங்காலம் பால் கறந்து முடித்ததும் கொல்லைக்குப் போவார். கோபர் கேஸ் தொட்டியின் வால்வைத் திறந்துவிட்டு, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்பார். புஸ்ஸென்று வாயு போகும்.

"அடுப்பு துருப்பிடிச்சு ஆறு மாசம் ஆச்சு தம்பி. தொறந்து விடலன்னா தொட்டி விரிஞ்சிரும்ல?"

சாணம் கரைத்து ஊற்றுவதை மட்டும் விடவில்லை. வயலுக்கு ஸ்லரி வேண்டுமே. சமையல் விறகில்தான்.

தொட்டிச் சுவரில் கல்வெட்டு உண்டு. திறந்து வைத்தவர், தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர் என்று அத்தனை பேரும் அதில் இருக்கிறார்கள். அடுப்பு கெட்டால் யாரைக் கூப்பிடுவது என்று எழுதத்தான் கல்லில் இடம் போதவில்லை. அடுப்பைத் தின்றது வாயுவில் கலந்திருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு. அதைப் பிடித்து வைக்க, லேத்துப் பட்டறையில் கூட்டித் தள்ளும் இரும்புத் துருவலைத் துருவேற்றிக் குழாயில் அடைத்தாலே போதும். கல்வெட்டுச் செலவில் பத்து வீட்டுக்கு அடைத்திருக்கலாம்.

அத்தையுடையது 2 கனமீட்டர் தொட்டி. முழுதாக வேலை செய்தால் ஒரு நாளைக்குச் சுமார் 800 கிராம் மீத்தேன் தரும். எரித்தால் இரண்டு கிலோ சொச்சம் கரியமில வாயு. அதுவும் மாடு தின்ற புல் காற்றிலிருந்து எடுத்ததுதான், கணக்கு நேராகிவிடும். எரிக்காமல் விட்டால், நூறாண்டுக் கணக்கில் 22 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமான சூடு. வெயிலில் காயும் வறட்டிகூட இவ்வளவு மீத்தேன் விடாது. காற்றுப் புகாத தொட்டி கட்டி, மானியம் கொடுத்து, மெனக்கெட்டு மீத்தேன் தயாரித்து வானத்துக்குப் படையல் போடுகிறோம்.

அலுவலகத்தில் போய்ச் சொன்னேன். ஏட்டைப் புரட்டினார்கள். தொட்டி 'இயங்குகிறது'. பொய்யில்லையே, வாயு வருகிறதே! ஏட்டின்படி அத்தை தினமும் விறகை மிச்சம் பிடித்துக் காட்டைக் காப்பாற்றுகிறார். நல்ல மனுஷி.

மேலே மட்டும் என்ன வாழுதாம்? 2018 அக்டோபரில் ஒன்றிய அரசு 'சதத்' திட்டத்தைத் தொடங்கியது. சாணம், குப்பை, கரும்பாலைக் கழிவிலிருந்து வண்டிக்கு வாயு; 2023க்குள் 5000 ஆலைகள். இந்தியில் 'சதத்' என்றால் இடைவிடாமல் என்று பொருள். கெடு முடிந்தபோது ஓடிய ஆலைகள் நூறைத் தொடவில்லை. அறிவிப்புகள்தாம் இடைவிடாமல் ஓடின. வாயுவைச் சுத்திகரிக்கையில் கரியமில வாயுவோடு மீத்தேனும் நழுவும். செரித்த கழிவைத் திறந்த குட்டையில் தேக்கினால் அங்கேயும் கொப்பளிக்கும். இந்தக் கசிவை அளக்க மீட்டர் எங்கே என்று கேட்டால் விழிப்பார்கள். ரிப்பன் வெட்ட வெள்ளிக் கத்தரிக்கோல் கேளுங்கள், தட்டில் வைத்துக் கொண்டுவருவார்கள்.

நான் புகார் சொன்ன பத்தாம் நாள் ஒருவர் வந்தார். அடுப்பைப் பார்க்கவில்லை. அத்தையைத் தொட்டியருகே நிறுத்தி செல்போனை உயர்த்தினார். அந்தப்பக்கம் உலை கொதித்துக்கொண்டிருந்தது.

"அம்மா, அந்த விறகுப் புகை படத்துல விழுது. கொஞ்சம் அணைச்சிட்டு வந்து நில்லுங்க."