பிள்ளைக்குப் பதினாலு, டாக்டருக்கு வெட்கம்

ஏரல் பஜாரில் ஒரு பிள்ளை வயதுக்கு வந்துவிட்டால் யாரும் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. பன்னிரண்டடி ஃபிளெக்ஸ் சொல்லிவிடும். நடுவில் பட்டுப்பாவாடையில் பிள்ளை, தலைக்கு மேல் கட்சித் தலைவர்கள், பக்கத்தில் தாய்மாமன்மார், கீழே கூலிங்கிளாஸ் போட்ட நண்பர் குழு. மண்டபம், ட்ரோன் கேமரா, மாமன் சீர் என்று செலவு லட்சத்தைத் தாண்டும். வீட்டுக்குள் ஆச்சி உளுந்தங்களி கிண்டி, நல்லெண்ணெயைக் குழி நிறைய ஊற்றி, "தின்னுட்டி, கர்ப்பப்பைக்கு நல்லது" என்று ஊட்டுவாள். கர்ப்பப்பையின் மேல் இந்த ஊர் வைத்திருக்கும் அக்கறையைக் குறை சொல்ல நாக்கு கூசும்.

அதே கர்ப்பப்பையின் வாயில் புற்றுநோய் வராமல் தடுக்க ஓர் ஊசி இருக்கிறது என்று அந்த வீட்டில் சொல்லிப் பாருங்கள். "கலியாணம் ஆகாத பிள்ளைக்கு அந்த ஊசி எதுக்கு?" என்று மைனி குரலைத் தாழ்த்துவாள். ஊருக்கே போர்டு வைத்துச் சொன்ன சங்கதியில் மானம் அப்போதுதான் வந்து குறுக்கே உட்காரும்.

ஊசிக்குப் பயந்த ஊரா இது? சளிக்கு ஒரு ஊசி, இருமலுக்கு ஒரு ஊசி, அசதிக்கு ஒரு பாட்டில் குளுக்கோஸ். மாத்திரை மட்டும் எழுதித் தருகிற டாக்டரைக் கைராசி இல்லாதவர் என்று ஒதுக்கிவிட்டு அடுத்த தெரு டாக்டரிடம் டோக்கன் போடுவோம். வந்த நோய்க்குத் தேவையில்லாத ஊசியைக் கேட்டு வாங்குவோம். வரப்போகும் நோய்க்குத் தேவையான ஊசி என்றால் மட்டும் ஆயிரம் யோசனை.

சரி, சனத்துக்குத்தான் தெரியாது. நம்ம குடும்ப டாக்டருக்குமா தெரியாது? தாத்தாவின் சுகரும் அப்பாவின் பிரஷரும் அவருக்கு மனப்பாடம். காய்ச்சல் என்று பிள்ளையைக் கூட்டிப்போனால் நாக்கை நீட்டச் சொல்வார், டார்ச் அடிப்பார், மார்க்கைக் கேட்பார், நீட் தேர்வுக்குப் புத்திமதியும் சொல்வார். பத்து வயதில் போட வேண்டிய டிடி ஊசி போட்டாச்சா, பதினாறு வயது ஊசி போட்டாச்சா என்று மட்டும் கேட்கமாட்டார். இரண்டும் தேசியத் தடுப்பூசி அட்டவணையில் இருப்பவை. ரணஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்குமானவை. 2016இல் மலப்புறத்தில் பதின்வயதுப் பிள்ளைகள் தொண்டை அடைப்பானில் செத்தார்கள். மலப்புறம் ஒன்றும் மேற்கத்திய நாட்டில் இல்லை.

கர்ப்பப்பைவாய்ப் புற்றுக்குக் காரணமான எச்.பி.வி. கிருமிக்கான ஊசியின் பேச்சையோ அவர் எடுக்கவே மாட்டார். எடுத்தால் அந்தக் கிருமி எப்படித் தொற்றும் என்று தகப்பன் கேட்பான். உடலுறவில் தொற்றும், அதனால்தான் அதற்கு வெகுகாலம் முன்பே ஊசி போட வேண்டும் என்று பதில் சொல்ல வேண்டிவரும். பிணம் அறுத்து, பிரசவம் பார்த்துப் பட்டம் வாங்கியவருக்கு அந்த ஒரு வாக்கியம் தொண்டையில் சிக்கிக்கொள்கிறது. போதாததற்கு ஃபிரிட்ஜ் கணக்கு வேறு. யாரும் கேட்காததால் மருந்தை வாங்கி வைப்பதில்லை. வாங்கி வைக்காததால் சொல்வதில்லை. சொல்லாததால் யாரும் கேட்பதில்லை. டாக்டர் வாய் திறந்து "போட்டுவிடுங்கள்" என்றால் பெற்றோர் போட்டுவிடும் வாய்ப்பு கூடுகிறது என்றுதான் பல ஆய்வுகளிலும் வருகிறது. இதற்குப் புதுக் கட்டடம் வேண்டாம். டோக்கன் கொடுக்கிற பிள்ளை, பேரும் வயசும் எழுதும்போது, "ஊசி எல்லாம் போட்டாச்சா?" என்று சேர்த்துக் கேட்டால் போதும்.

அரசாங்கத்தின் கதை இன்னும் அழகு. இந்தத் தடுப்பூசிக்கு இந்தியா அனுமதி தந்தது 2008இல். மறுவருடம் கம்மம் மாவட்டத்தில் ஒரு செயல்விளக்கத் திட்டம் என்று பழங்குடிப் பிள்ளைகளுக்குப் போட்டார்கள். ஒப்புதல் படிவத்தில் பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் விடுதிக் காப்பாளர்கள் போட்டார்கள். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அப்பன் ஆத்தாள் எதற்கு, வார்டன் போதும் என்ற நினைப்பு. கம்மத்திலும் இதே திட்டம் நடந்த குஜராத்திலுமாக ஏழு பிள்ளைகள் இறந்ததும் 2010இல் எல்லாவற்றையும் நிறுத்தினார்கள். சாவுக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று பிறகு விசாரணை சொன்னது. ஆனால் கையெழுத்தில் நடந்த அயோக்கியத்தனம் ஊசியின் பேரிலேயே ஒட்டிக்கொண்டது.

அப்போது பாதியில் நின்ற இன்னொரு ஆய்வில், நம் திண்டுக்கல் மாவட்டத்து அம்பிளிக்கையும் ஒரு மையம். நிறுத்திய நேரத்தில் ஒரே தவணை போட்டிருந்த பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அவர்களைப் பத்து வருடம் தொடர்ந்து பார்த்ததில் ஒரு தவணையே நன்றாகக் காக்கிறது என்று 2021இல் தெரிந்தது. மறுவருடம் உலக சுகாதார நிறுவனமே ஒரு தவணை போதும் என்று ஏற்றதில் அந்தப் பிள்ளைகளின் ரத்தத்துக்கும் பங்குண்டு. ஆராய்ச்சிக்கு அம்பிளிக்கை முதல் வரிசை, மருந்துக்குக் கடைசி வரிசை! சிக்கிம் 2018லேயே நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் போட்டுக் காட்டியது. டெல்லி 2024 பிப்ரவரி பட்ஜெட்டில்தான் 9 முதல் 14 வயதுப் பெண்களுக்கு இதை "ஊக்குவிப்போம்" என்றது. 2008இல் பத்து வயதாக இருந்தவளுக்கு அந்த ஊக்கம் வந்து சேர்ந்தபோது இருபத்தாறு. நம் சீரம் இன்ஸ்டிடியூட்டின் எச்.பி.வி. ஊசியான செர்வாவாக்கைப் போட வயது வரம்பும் இருபத்தாறுதான். எவ்வளவு துல்லியமான தாமதம்!

2025 மார்ச்சில் சென்னையும் பதினாலு வயதுப் பெண்களுக்கென்று 36 கோடி ஒதுக்கியது. நல்லது. பதினைந்தைத் தொட்டவளை யார் கேட்பது? அவள் குடும்ப டாக்டரின் பாடு. 2023இல் தவணைக்கு 2,000 ரூபாய் என்று விலை வைத்து வந்த மருந்து, நிறுவனத்தின் கணக்குப்படி அந்த வயதுக்கு மூன்று தவணை. ஃபிளெக்ஸுக்கும் ட்ரோனுக்கும் பேரம் பேசாத தாய்மாமன் இங்கேதான், "இவ்வளவா?" என்பார்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணிப் பாலம் சேதமாகி ஏரல் துண்டானபோது ஹெலிகாப்டர் வந்தது, அமைச்சர்கள் வந்தார்கள், டி.வி. வந்தது. கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோயில் இந்தியாவில் 2020இல் மட்டும் ஏறத்தாழ 77,000 பெண்கள் செத்திருக்கிறார்கள். நாளொன்றுக்கு இருநூறுக்கு மேல். எந்த ஹெலிகாப்டரும் கிளம்பவில்லை. வெட்கப்பட வேண்டிய நோயில் செத்தால் துக்க வீட்டில்கூடப் பேரைச் சொல்லாமல், "வயித்துக் கட்டி" என்று முடித்துவிடுகிறோம்.

இதில் ஆம்பிளைப் பிள்ளைகளின் பேரை எவனாவது எடுக்கிறானா? கிருமியை வாங்கிவந்து வீட்டில் கொடுப்பதில் பாதிப்பங்கு நம்முடையது. செர்வாவாக்கை ஆண்பிள்ளைகளுக்கும் போடலாம். ஆனால் மாப்பிள்ளை பார்க்கும்போது பத்துப் பொருத்தம், சம்பளம், சொந்த வீடு, சுகர் உண்டா என்பதுவரை துருவும் பெண்வீட்டார், ஊசி போட்டிருக்கிறானா என்று கேட்டுவிட்டால் அன்றோடு சம்பந்தம் முறியும். முறிந்ததற்கு ஏரல் முழுக்கக் காரணமும் சொல்வார்கள்: பெண்ணுக்கு நடத்தை சரியில்லையாம்.